மரத்தில் பங்காளி யார்?

தாவரவியல் துறை நண்பர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். கணிப்பொறி அறிவியலில் மரம் என்றால் வேர் உச்சியில் இருக்கும். கிளைகள் கீழ்நோக்கி வளரும். இலைகள் அடியில் தொங்கும். கிளை பிரியும் ஒவ்வோர் இடத்தையும் கணு என்கிறோம். கரும்பின் கணுவை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு கணுவிலிருந்து இரண்டு கிளைகளுக்கு மேல் பிரியாத மரத்துக்கு இரும மரம் என்று பெயர். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று ஊர்ச் சுவர்களிலெல்லாம் எழுதிவைத்த காலம் ஒன்று இருந்ததல்லவா? அந்த முழக்கத்தில் பாதியைத்தான் இம்மரம் கடைப்பிடிக்கிறது. நமக்கு இருவர் உண்டு. நாம் இருவர் கிடையாது. ஒவ்வொரு கணுவுக்கும் மேலே ஒரே ஒரு கணுதான். இந்த ஒரு குறையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் வாதம் முழுவதும் அதன்மீதுதான் நிற்கிறது.

கணுக்களைப் பற்றிப் பேசும்போது உறவுமுறைச் சொற்களைக் கையாள்வது இத்துறையின் வழக்கம். 1968-ஆம் ஆண்டில் டொனால்ட் கனூத் தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டபோது தந்தை, மகன், சகோதரன் என்றே எழுதினார். பின்னர் ஆண்பால் சொற்களை விட்டுவிட்டுப் பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்னும் பொருள்படும் பொதுச்சொற்களுக்கு மாறினார்கள். அது நல்ல மாற்றம். இவற்றோடு சேர்ந்து வந்த இன்னொரு சொல் 'கசின்'. ஒரே மட்டத்தில் இருந்து, வெவ்வேறு பெற்றோரைக் கொண்ட இரண்டு கணுக்கள் ஒன்றுக்கொன்று கசின்கள். இதுதான் பாடநூல் இலக்கணம். இரண்டு கணுக்களைக் கொடுத்து 'இவை கசின்களா?' என்று கேட்பது தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் வழக்கமான பயிற்சி; வேலைக்கு ஆள் எடுக்க வருபவர்களும் விரும்பிக் கேட்கும் கேள்வி.

கணிப்பொறி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். இந்தக் 'கசின்' என்னும் சொல்லை நம் வகுப்பறையில் முதற் சொல்லாக வைக்கக் கூடாது. 'பங்காளி' என்று தொடங்க வேண்டும். தமிழ்ப் பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பற்று இருப்பதை மறைக்கவும் இல்லை. கசின் என்ற சொல் இக்கணக்கின் உயிர்நிலையை மூடி மறைக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

இப்பாடம் முதன்முதலில் நடந்த அன்று, தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்த என் வகுப்புத் தோழி ஒருவர் எழுந்து, "கசின் என்றால் மாமா பிள்ளையா, சித்தப்பா பிள்ளையா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. பாடம் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவர் அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுவதும் கேள்வி கேட்கவில்லை. மாதிரித் தேர்வில் நிரலை அப்படியே மனப்பாடமாக எழுதியிருந்தார். இரு கணுக்களின் மட்டத்தையும் ஒப்பிடும் வரி இருந்தது. பெற்றோரை ஒப்பிடும் வரி விட்டுப்போயிருந்தது. மதிப்பெண் போனதைப் பற்றி நான் வருந்தவில்லை. அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சிறந்த கேள்வி அவருடையது; அதற்கு விடை கிடைத்திருந்தால் விட்டுப்போன வரி விட்டுப்போயிருக்காது. 'யார் வழியில்?' என்பதுதானே அவர் கேட்டது? அந்த வரியும் அதையேதான் கேட்கிறது. (அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.)

ஆங்கிலத்தில் அப்பாவின் அண்ணன் பிள்ளை, அப்பாவின் தங்கை பிள்ளை, அம்மாவின் அக்காள் பிள்ளை, அம்மாவின் தம்பி பிள்ளை எல்லாரும் ஒரே கசின்தான். நம் வீட்டில் அப்படிச் சொன்னால் பாட்டி அடிக்க வருவாள். பெரியப்பா மகள் எனக்குத் தங்கை. மாமா மகள் எனக்கு முறைப்பெண். இவ்விருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது நம் வழக்கில் நினைத்துப் பார்க்கவும் முடியாதது. இந்த வேறுபாடு வெளிநாட்டறிஞரையும் வியக்க வைத்தது. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலகின் பல்வேறு மக்களின் உறவுப்பெயர்களைத் திரட்டி 1871-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நியூயார்க் பகுதியில் வாழ்ந்த செனகா என்னும் செவ்விந்தியக் குடியினரின் உறவுமுறையும் தமிழர் உறவுமுறையும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருப்பதை அவர் கண்டார். தந்தையின் சகோதரன் பிள்ளைகளை உடன்பிறந்தாராகவும், தந்தையின் சகோதரி பிள்ளைகளை வேறு முறையினராகவும் இரு மக்களும் பிரித்துவைத்திருந்தனர். தூரத்து உறவுகளுக்குப் போகும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது நமக்கு இங்கே வேண்டாம். ஒரே தலைமுறை என்று அறிந்தாலே உறவு தீர்ந்துவிடாது, யார் வழியாக என்றும் கேட்க வேண்டும் என்பது நம் மொழியின் அடிமட்டத்திலேயே இருக்கிறது.

சரி, இரும மரத்தில் இருப்பவர் எந்த முறை? ஒவ்வொரு கணுவுக்கும் பெற்றோர் ஒருவர்தான் என்று முன்பே சொன்னேன். தாய்வழி, தந்தைவழி என்ற இரண்டு வழிகள் அங்கே இல்லை. ஒரே வழியில் இறங்கிவரும் கொடிவழியை நாம் எப்படி எழுதுகிறோம்? தாத்தா, அவர் பிள்ளைகள், அப்பிள்ளைகளின் பிள்ளைகள் என்று ஒற்றை வழியாகத்தான். அதில் மாமனுக்கும் அத்தைக்கும் இடமில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள்தாம் உண்டு. ஆகவே இரும மரத்தில் ஒரே மட்டத்தில் இருந்து, பெற்றோர் வேறான கணுக்கள் அனைவரும் பங்காளிகளே. என் தோழியின் கேள்விக்கு விடை: சித்தப்பா பிள்ளை. மாமா பிள்ளை அந்த மரத்தில் பிறக்கவே முடியாது.

இனி, சொல்லின் பயன் எங்கே என்று பார்ப்போம். பதினைந்து கணுக்கள் கொண்ட முழு மரம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்துகொள்ளுங்கள். வேருக்கு 1 என்று எண் கொடுங்கள். எந்தக் கணுவானாலும் அதன் எண்ணை இரட்டித்தால் இடப்பிள்ளையின் எண். இரட்டித்து ஒன்று கூட்டினால் வலப்பிள்ளையின் எண். 1-இன் பிள்ளைகள் 2, 3. அவற்றின் பிள்ளைகள் 4 முதல் 7 வரை. அடுத்த மட்டம் 8 முதல் 15 வரை. மேலே போக வேண்டுமானால் இரண்டால் வகுத்து மீதியைத் தள்ளிவிட வேண்டும். 11-இன் பெற்றோர் 5, தாத்தா 2.

இந்த எண்முறை கணிப்பொறிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1964-இல் வில்லியம்ஸ் என்பவர் குவியல் வரிசையாக்கம் என்னும் முறையை வெளியிட்டபோது மரத்தை இப்படித்தான் ஓர் அணிக்குள் அடக்கினார். ஆனால் அதற்கு 374 ஆண்டுகளுக்கு முன்பே, 1590-இல், மைக்கேல் ஐட்சிங்கர் என்னும் ஆஸ்திரியர் ஐரோப்பிய அரச குடும்பங்களின் முன்னோர் அட்டவணைகளை இதே எண்களால் எழுதிவிட்டார். 1898-இல் ஸ்டிராடோனிட்ஸ் என்பவர் அதை மீண்டும் பரப்பினார். வமிசாவளி ஆராய்வோர் இன்றும் அம்முறையைக் கையாள்கின்றனர். மரக் கணக்கு குடும்பக் கணக்கிலிருந்தே பிறந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இப்பொழுது 9-உம் 11-உம் என்ன உறவு என்று கேட்கிறேன். 9-ஐ வகுத்தால் 4. 11-ஐ வகுத்தால் 5. சேரவில்லை. மறுபடி வகுத்தால் இரண்டும் 2. இரண்டாம் படியில் சேர்ந்துவிட்டன. அதாவது தாத்தா ஒருவர், அப்பா வேறு. இவர்களை நம் ஊரில் எப்படிச் சொல்வோம்? 'ஒன்றுவிட்ட' அண்ணன் தம்பி என்போம். 8-உம் 15-உம்? முதல் வகுத்தலில் 4, 7. அடுத்து 2, 3. அடுத்து 1, 1. மூன்றாம் படியில் சேர்கின்றன. 'இரண்டுவிட்ட' என்போம். 8-உம் 9-உம் முதற் படியிலேயே 4-இல் சேர்ந்துவிடுகின்றன, ஒன்றும் விடவில்லை, ஆகவே உடன்பிறப்பு. 'ஒன்றுவிட்ட', 'இரண்டுவிட்ட' என்று நம் பாட்டிமார் சொல்லும்போது அவர்கள் செய்வது இந்த வகுத்தல் கணக்கைத்தான். பொது முன்னோரை அடைய எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணி, அதில் ஒன்றைக் கழித்துச் சொல்கிறார்கள். எந்தக் கல்லூரியிலும் அவர்கள் தரவுக் கட்டமைப்பு படிக்கவில்லை.

பாடநூலின் கசினோ, ஒன்றுவிட்டவனையும் ஏழுவிட்டவனையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. ஆங்கிலேயருக்கும் வீட்டுப் பேச்சில் முதல் கசின், இரண்டாம் கசின் என்ற கணக்கு உண்டு. பாடநூலில் அது ஏறவில்லை, அவ்வளவே. ஆகவே நான் சொல்லும் திட்டம் எளியது. பெற்றோர் ஒன்றானால் உடன்பிறப்பு. மட்டம் ஒன்றாகிப் பெற்றோர் வேறானால் பங்காளி. எத்தனை தூரம் என்று கேட்டால் ஒன்றுவிட்ட பங்காளி, இரண்டுவிட்ட பங்காளி.

இந்த அளவு கையில் இருந்தால் படத்தைப் பார்த்து ஏமாறுவதும் நின்றுவிடும். பதினைந்து கணு மரத்தில் 11-உம் 12-உம் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே வேறு கணு இல்லை. கரும்பலகையில் விரற்கடை தூரம்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள்: 5, 6; பிறகு 2, 3; பிறகுதான் 1. அந்த மட்டத்தில் இருக்கக்கூடிய உறவுகளிலேயே மிகத் தூரமான உறவு அவற்றுடையது. அடுத்த வீட்டுக்காரரெல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். இன்னொன்றும் காணலாம். 8-க்கு உடன்பிறப்பு ஒன்று. ஒன்றுவிட்ட பங்காளி இரண்டு. இரண்டுவிட்ட பங்காளி நான்கு. ஒவ்வொரு படி விலகும்போதும் உறவினர் தொகை இரட்டிக்கிறது. 512 கணுக்கள் நிற்கும் ஒரு முழு மட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 510 பங்காளிகள். அவர்களில் 256 பேர், பாதிக்கும் மேலானவர், கடைசித் தூரத்துக்காரர்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவருக்கு இது புதுச் செய்தியாக இராது.

எண்கள் இல்லாத மரத்தில், அதாவது கணுக்கள் சுட்டுகளால் மட்டும் இணைக்கப்பட்டிருக்கும்போது, பங்காளியைத் தேடுவது எப்படி? நியாயவிலைக் கடை வரிசையை எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் வேர் மட்டும் வரிசையில் நிற்கிறது. இப்பொழுது வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு, அத்தனை பேரை மட்டும் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் தம் பிள்ளைகளை வரிசையின் வாலில் நிறுத்திவிட்டு வெளியேறுவார். எண்ணிய தொகை தீர்ந்ததும் ஒரு தலைமுறை முடிந்தது. வரிசையில் நிற்பவர் அனைவரும் அடுத்த தலைமுறை. நாம் தேடும் இருவரும் ஒருவருக்கே பிள்ளைகளாக வந்து நின்றால் உடன்பிறப்பு என்று சொல்லி நிறுத்திவிடலாம். இருவரும் ஒரே தலைமுறைக் கூப்பாட்டில் வெவ்வேறு பெற்றோர் வழி வந்தால் பங்காளி. ஒருவர் வந்து மற்றவர் வராவிட்டால் மட்டம் வேறு. மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. கூப்பிடுவதற்கு முன் எண்ணிக்கொள்வதுதான் இம்முறையின் சூட்சுமம். எண்ணாமல் கூப்பிட ஆரம்பித்தால் அப்பாவும் பிள்ளையும் ஒரே தலைமுறையில் கலந்துவிடுவர்.

தற்சுழற்சியில் கீழிறங்கியும் இதைச் செய்யலாம். எது சிக்கனம் என்பது மரத்தின் உருவத்தைப் பொறுத்தது. 1,023 கணுக்கள் கொண்ட முழு மரத்தில் கடைசி மட்டத்தில் 512 பேர் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள்; தற்சுழற்சியோ பத்துப் படிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். பிள்ளை ஒன்றே ஒன்றாக நூல் போல் தொங்கும் மரத்தில் இது தலைகீழாகிவிடும். தேர்வில் 'வரிசை முறையே சிறந்தது' என்று ஒரே வரியில் எழுதுவோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதே இனத்தில் அழகான கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் இருக்கிறது. அதை அழித்துவிட்டு, அக்கணுவின் பங்காளிகள் அனைவருடைய எண்களின் கூட்டுத்தொகையை எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பங்காளிகளைத் தேடிக் கூட்டினால் 512 பேர் மட்டத்தில் 2,61,120 எண்களைத் தொட நேரிடும். பந்தி பரிமாறுபவர் இவ்வளவு பாடுபடமாட்டார். பந்தியில் மொத்தம் எத்தனை இலை என்று ஒரு தடவை எண்ணுவார். 'உங்கள் வீட்டார் இரண்டு பேர், மற்றவர் இத்தனை' என்று கழித்துச் சொல்லிவிடுவார். மட்டத்தின் மொத்தத் தொகையிலிருந்து, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் தொகையைக் கழித்தால் வருவதே பங்காளிகளின் தொகை. மட்டத்தில் 5, 3, 7, 2 என்றிருந்து, 5-உம் 3-உம் உடன்பிறப்பு என்றால், 17-இல் 8 போக 9. அவ்விருவர் இடத்திலும் 9 என்று எழுதிவிடலாம். பங்காளி என்பவன் 'என் வீட்டான் அல்லாத என் தலைமுறையான்' என்று புரிந்தவனுக்கு இந்தக் கழித்தல் தானே தோன்றும். கசின் என்று மனப்பாடம் செய்தவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

பயிற்சிக் கேள்விகளின் ஓரத்தில் 'மரத்தில் எந்த மதிப்பும் இருமுறை வராது' என்று ஒரு குறிப்பு இருக்கும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாற்று உதாரணம் சொல்கிறேன். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் 1661-இல் பிறந்து 1700-இல் மறைந்தார். ஐட்சிங்கர் முறைப்படி அவருடைய முன்னோர் மரத்தை எழுதினால் அவர் 1. தந்தை நான்காம் பிலிப் 2. தாய் மரியானா 3. இந்த மரியானா வேறு யாருமல்லர்; நான்காம் பிலிப்பின் தங்கை மகள். (நம் பக்கத்தில் அக்காள் மகளைக் கொள்வது உண்டு, தங்கை மகளைக் கொள்வது பெரும்பாலும் வழக்கமில்லை. அரசர்களுக்கு யார் சொல்வது?) தந்தைவழித் தாத்தா மூன்றாம் பிலிப் 4-ஆம் இடத்தில் வருகிறார். மரியானாவின் தாய் 7-ஆம் இடம். அவளுடைய தந்தை 14-ஆம் இடம். அவரும் அதே மூன்றாம் பிலிப்! ஒரே மனிதர் ஒரு பக்கம் தாத்தா மட்டத்திலும் மறுபக்கம் கொள்ளுத்தாத்தா மட்டத்திலும் நிற்கிறார். 'மூன்றாம் பிலிப் எந்த மட்டம்?' என்று கேட்டால் மரத்துக்கு இரண்டு விடைகள். '4 எந்த மட்டம், 14 எந்த மட்டம்?' என்றால்தான் ஒரு விடை. அக்காள் மகளைக் கட்டிய குடும்பங்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அவரவர் வீட்டு முன்னோரை ஒருமுறை இப்படி எழுதிப் பார்த்தால், ஆள் வேறு கணு வேறு என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

அந்த முன்னோர் மரத்திலேயே இன்னொரு வேடிக்கை. அங்கே மரம் தலைகீழாக ஓடுகிறது: கணுவின் 'பிள்ளைகள்' உண்மையில் அந்த ஆளின் தாயும் தந்தையும். ஆகவே கணிப்பொறிக்காரர் 'உடன்பிறப்பு' என்று சொல்லும் 4-உம் 5-உம் உண்மையில் கணவன் மனைவி. 'கசின்கள்' என்று சொல்லும் 4-உம் 6-உம் யார்? அப்பாவின் அப்பா, அம்மாவின் அப்பா. சம்பந்திகள்! ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்ல வராத உறவு. அப்படியானால் பங்காளி என்ற சொல்லும் இங்கே பொருந்தவில்லையே என்று கேட்கலாம். பொருந்தவில்லைதான். பங்காளி என்று சொல்லும்போது அது பொருந்தவில்லை என்று நமக்கு உடனே உறைக்கிறது. கசின் என்று சொல்லும்போது உறைப்பதில்லை. உறைக்கிற சொல்லைத்தான் நான் கேட்கிறேன்.

இக்கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன. ஒன்று, பெரியப்பாவும் சித்தப்பாவும்கூடப் பங்காளி வகையறாதானே, அவர்கள் மேல் மட்டமாயிற்றே என்பது. நியாயமான மறுப்பு. 'ஒரே மட்டத்துப் பங்காளி' என்று முதலில் ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். எல்லாக் கலைச்சொல்லும் அன்றாடச் சொல்லைக் கொஞ்சம் இறுக்கித்தான் பிறக்கிறது. இரண்டு, பங்காளி என்றாலே வரப்புத் தகராறும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகின்றன என்பது. வரட்டுமே. பங்கு ஒரே இடத்திலிருந்து பிரிந்தது என்பதும் சேர்ந்து நினைவுக்கு வரும். பொது முன்னோர் கணு அதுதான். மூன்றாவது மறுப்பு கனமானது. கேள்வித்தாளும் நேர்முகமும் ஆங்கிலத்தில் இருக்கையில் தமிழ்ச் சொல்லால் யாருக்குப் பயன்?

அதற்கு என் விடை: ஆங்கிலச் சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை, இரண்டாவதாக வைக்கச் சொல்கிறேன். முதல் வகுப்பில் அவரவர் வீட்டுக் கொடிவழியை எழுதச் சொல்லுங்கள். ஒன்றுவிட்டவர் யார், இரண்டுவிட்டவர் யார் என்று வட்டமிடச் சொல்லுங்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்தே 'எத்தனையாவது தலைமுறை, யார் வழி' என்ற இரண்டு கேள்விகளும் வந்துவிடும். இரண்டாம் வகுப்பில் அதன் ஆங்கிலப் பெயர் கசின் என்று கரும்பலகையில் எழுதினால், நேர்முகத்தில் எந்த மொழியில் கேட்டாலும் அவருக்கு அது தெரிந்த ஆளின் வேறு பெயராகத்தான் கேட்கும். இதைச் செய்ய ஒரு வகுப்பு நேரம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. ஆய்வகத்தில் பெற்றோரை ஒப்பிடும் வரியைத் தேடி நாங்கள் செலவழித்த நேரத்தைவிட அது குறைவு.

சென்ற மாதம் என் தோழியும் நானும் இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வருக்கு மாலை நேரத்தில் இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம். கொடிவழி எழுதும்போது ஒருவர் தம் தாத்தாவின் அப்பா பெயர் தெரியாமல் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டார். நிரல் எழுதுமுன் நால்வரில் மூவர் மட்டத்தோடு பெற்றோரையும் குறித்துவைக்க வேண்டும் என்று தாமாகவே சொன்னார்கள். நால்வரை வைத்து எதையும் நிறுவ முடியாது. அடுத்த ஆண்டு துறை ஆசிரியர்கள் முழு வகுப்புக்கும் செய்து பார்த்தால் தெரியும்.

அவர்களுக்கு அடுத்த பருவத்தில் சிவப்பு-கறுப்பு மரம் என்னும் பாடம் வருகிறது. அதில் ஒரு கணுவைப் புதிதாகச் சேர்த்ததும் அதன் 'அங்கிள்' என்ன நிறம் என்று பார்த்துத்தான் மேற்கொண்டு நடக்க வேண்டும். தமிழில் குறிப்பெழுதுவோர் அதை மாமா என்று எழுதிவிட வேண்டாம். பெற்றோருக்கு இடப்பக்கம் நின்றால் அவர் பெரியப்பா; வலப்பக்கம் நின்றால் சித்தப்பா.